பழைய ஞானோபதேசம் (சின்ன வயசில் கற்ற கத்தோலிக்க வேதபாடம்) உங்கள் வாழ்க்கையில் எங்கே குறுக்கே வந்து நின்றது?

கடலோரத்தான்:

நானே ஆரம்பிக்கிறேன். போன தவக்காலத்தில் அப்பா ஐசியூவில். 81 வயசு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, நுரையீரலிலும் நீர் கோத்துவிட்டது. வெண்டிலேட்டர் போடலாமா என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார். தங்கச்சி துபாயிலிருந்து வாட்ஸ்ஆப்பில் அழுகிறாள், "எதையும் நிறுத்தாதீங்கண்ணே". பெரியண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் அது ஆன்மாவையே கொல்லும் சாவான பாவமா?

எங்கள் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) முன்பு இருந்து ஓய்வு பெற்ற சாமியாருக்குப் போன் போட்டேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் கேள்விதான் கேட்டார். "மிஷின் நோயைக் குணமாக்குமா, சாவைத் தள்ளிப்போடுமா? அப்பாவுக்கு வேதனை எவ்வளவு? நினைவு இருந்தப்ப அவர் என்ன சொன்னார்?" பிறகுதான் விளக்கினார். 1957இல் மயக்க மருந்து டாக்டர்கள் இதே கேள்வியைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடம் (பயஸ்) கேட்டிருக்கிறார்கள். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டவர்கள், தாங்கமுடியாத பாரமாகிவிடும் அசாதாரண வழிகளைக் கட்டாயம் கையாள வேண்டியதில்லை என்பது அவர் பதில். வலிக்கு மருந்து கொடுப்பதும் அப்படித்தான். நோக்கம் வலியைத் தணிப்பது, அதனால் ஆயுள் சற்றுக் குறைந்தாலும் அது கொலை ஆகாது. "கொல்றது வேற, சாக விடுறது வேறடா" என்றார்.

மிஷின் வேண்டாம் என்றோம். ஆக்சிஜன், வலி மருந்து, குழாய் வழிச் சாப்பாடு எதையும் நிறுத்தவில்லை. சாயங்காலம் ஆட்டோ பிடித்து அந்தச் சாமியாரே வந்து, நோயில் கிடப்பவருக்குக் கொடுக்கும் அவஸ்தைபூசுதல் கொடுத்தார். கையில் ஊசிக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உள்ளங்கையில் எண்ணெய் தடவினார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை, விரல் மட்டும் மடங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டார். தங்கச்சி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கப்பிள்ளை:

என் கதையில் சாவு இல்லை, காசுதான். ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தேன். சப்ளையர் ஒருத்தர் தீபாவளிக்கு ஒரு கவர் கொடுத்தார், 18,000 ரூபாய். அவர் பில்லில் விலை ஏறியிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, "சின்னச் சின்னப் பொய் சொன்னேன் ஃபாதர், வேலையில் நேர்மைக் குறைவு" என்று பொத்தாம்பொதுவாக ஓட்டினேன். உள்ளேயிருந்து குரல்: "எவ்வளவு?"

சொன்னேன். "யார் காசு?" கம்பெனி காசு. "எப்போ திருப்பிக் கொடுக்கிறீங்க?" அபராதமாக (பாவத்துக்குப் பரிகாரமாக) நூறு செபமாலை கொடுத்திருந்தால்கூடச் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். அவரோ, அபராதம் வேற, கடன் வேற என்றார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பக்தி முயற்சி இல்லை, நீதியோட பாக்கி, இதை அந்தக்கால வேதசாஸ்திரி அக்வினாஸ் தோமையார் எப்பவோ எழுதி வெச்சுட்டார் என்றார். ஊரறியப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, காசு உரியவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று மட்டும் ஒரு சலுகை.

பேங்க்கில் போய் கம்பெனி கணக்கில் ரொக்கமாகக் கட்டினேன். அடுத்த வாரம் டீக்கடையில் அக்கவுண்ட்ஸ்காரர் புலம்புகிறார்: "எவனோ பதினெட்டாயிரம் போட்டுட்டுப் போயிருக்கான் சார், எந்த பில்லுக்கும் ஒட்டல, சஸ்பென்ஸ்ல வெச்சிருக்கேன்." வடையை வாயில் திணித்துக்கொண்டேன்.

நைட் டூட்டி:

சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாக எழுதினால் அழுதுவிடுவேன். நாலாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார்கள், எரிச்சலாக இருந்தது. சாமியார் ஆகக் குருமடத்தில் கொஞ்ச காலம் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் தத்துவம் நடத்தும் அத்தான் மட்டும் வேற மாதிரி பேசினார். துக்கத்துக்கு என்ன மருந்து என்று தோமையார் வரிசையாகச் சொல்லியிருக்கிறாராம்: மனசுக்கு இதமான ஏதாவது, அழுகை, சிநேகிதர்கள், சத்தியத்தைத் தியானிப்பது, கடைசியாகத் தூக்கமும் குளியலும். "குளியலா?" என்றேன். "ஆமா, நெசமாவே எழுதியிருக்கார். போய் வெந்நீர்ல குளிச்சிட்டுத் தூங்கு." பதிமூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருத்தர் என்னைக் குளிக்கச் சொன்னதுதான் அந்த வாரத்தில் எனக்குச் சிரிப்பு வந்த ஒரே தருணம்.

மேட்டுத்தெரு:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு என்றாலே பொன் மாதிரி பேசுறீங்களே, அதுதான் உறுத்துது. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு ரெண்டு நடைக்கூடம், கால்சட்டை மாதிரி. ஒரு சாதி ஒரு காலில், இன்னொரு சாதி இன்னொரு காலில், நடுவில் சுவர். 1910இல்தான் இடிச்சாங்க. அதுவும் மரபுதானே? அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கினார். குருவும் இல்லை, துறவியும் இல்லை, பெண்டாட்டி உள்ள அரண்மனை அதிகாரி. காற்றாடிமலையில் சுடப்பட்ட அவருக்கு 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தப்போ பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. அதுக்கே எத்தனை பேர் முகம் சுளிச்சாங்க தெரியுமா? எங்க அம்மா சாகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை கறி இல்லாத சுத்தபோசனம், தவக்காலம் பூரா ஒருவேளைச் சாப்பாட்டு ஒருசந்தி, அந்திக்கு மணி அடிச்சா எங்கே நின்னாலும் திரிகாலச் செபம். அவங்களைப் புதைச்சது எங்க சனத்துக்குன்னு ஒதுக்கின மூலையில்.

கடலோரத்தான்:

மேட்டுத்தெரு அண்ணே, பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு மதிலைப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து அதன் மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்றவன், எதுக்கு அந்த மதில் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கு அந்தப் பக்கம் இருந்த சிலுவைகளில் ஒன்றுக்குக்கூடக் காரை கிடையாது, எல்லாம் மரம். கணக்கப்பிள்ளை சொன்ன நீதிப் பாக்கியில் இதுவும் சேரும் என்றுதான் படுகிறது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பங்குப்பேரவைக் கூட்டம். மதிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் படித்துவிட்டு, "இதை இப்ப எதுக்கு?" என்றார்.