புதுப்பிப்பு: அந்தக் கருப்புக் கேபிளில் மின்சாரம் இருந்தது

பள்ளம் தோண்டும்போது வரைபடத்தில் இல்லாத கேபிள் ஒன்று தட்டுப்பட்டது, லொக்கேட்டர் (மண்ணுக்கடியில் கேபிள் தேடும் கருவி) சத்தமே போடவில்லை, செத்த லைன்தானா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இல்லை, உயிரோடுதான் இருந்தது! மின் விநியோக ஆட்கள் வந்து சோதித்தார்கள்: தெருவிளக்கு லைன், பகலில் விளக்கு எரியாததால் மின்னோட்டம் இல்லை, லொக்கேட்டரின் பவர் மோடு கேபிளில் மின்னோட்டம் ஓடினால்தான் பிடிக்கும், வோல்டேஜ் மட்டும் இருந்தால் பிடிக்காது. அப்புறம் சிக்னல் ஜெனரேட்டரை (கேபிளில் சிக்னல் ஏற்றும் கருவி) தரையில் வைத்து லொக்கேட்டரால் தேடினால் தெளிவாகக் கேட்டது, இரண்டடி தள்ளி இன்னொரு கேபிளும் சேர்த்து. கேபிளுக்கு மேலே மண்ணில் எச்சரிக்கை டேப்பும் கிடையாது. எங்கள் பையன் ஒருவன் அந்தக் கருப்புக் கேபிள்மேல் கடப்பாரையை ஓங்கியது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இனி இன்சுலேட்டட் மண்வெட்டியால், பக்கவாட்டில், கையால்தான் தோண்டுகிறோம். சப்ளையை நிறுத்தித் தந்த பிறகே அடுத்த பகுதி.