ஏற்காட்டில் சூரிய உதயத்தைப் படம் எடுக்க எந்த இடம்?

கேள்வி: ஜனவரியில சேலத்துல இருந்து விடியக்காலை ஏறலாம்னு இருக்கேன். லேடீஸ் சீட் காட்சி முனை சரியா வருமாங்க? 18–55, 70–200 மி.மீ. லென்ஸ், டிரைபாட் இருக்கு.

பதில்: லேடீஸ் சீட் தென்மேற்கைப் பார்த்தது, சாயங்காலத்துக்குத்தான் ஆகும். கிழக்குக்கு பகோடா பாயிண்ட் போங்க. உதயம் 6:40 வாக்கில், ஆனா வானம் அதுக்கு அரை மணி முன்னாடியே சிவந்துடும். 20 கொண்டை ஊசி வளைவு, மூடுபனின்னா ஊர்ந்துதான் ஏறணும், 4:30-க்குக் கிளம்பிடுங்க. அந்த மாசம் சூரியன் நேர் கிழக்குல வராது, சுமார் 20 டிகிரி தெற்கே தள்ளி வரும். ஃபிரேமை வலது பக்கமா வையுங்க.

பதில்: 70–200-ஐ விட்டுட்டுப் போயிடாதீங்க தம்பி. அடுக்கடுக்கா மலை தெரியறது அதுலதான், 18-ல பார்வை அகலமாகி மலையெல்லாம் ஒரு கோடாப் போயிடும். லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, கோப்பு ரா (RAW, சுருக்காத மூலப் படம்). வானத்துக்கும் பள்ளத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் ரொம்ப. 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரண்டு மடங்கு) இடைவெளியில 3 படம் எடுங்க, அப்புறம் ஒண்ணாச் சேர்த்துக்கலாம். லென்ஸைத் திறந்தே வச்சா முன்கண்ணாடி காத்தைவிடச் சில்லுனு ஆகி பனி இறங்கும், துடைச்சாலும் திரும்ப மூடும். லென்ஸ் முன்னாடி ஹூட் (மறைப்பு வளையம்) மாட்டுங்க, எடுக்காதப்ப மூடியைப் போடுங்க.

பதில்: பனிமூட்டத்துல ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். லைவ் வியூவுல (கேமராவோட பின்திரையில) மலை விளிம்பைப் பெருசாக்கி கையால ஃபோகஸ் வையுங்க.