கலைச்சொல் விவாதம்: 'புரோ-ஆம்' தமிழில் எப்படி?

நாகர்கோவில், திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டு மாத இதழ் ஒன்றுக்காகக் கோல்ஃப் பற்றிய நீண்ட கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கோல்ஃபுக்குக் குழிப்பந்தாட்டம் என்ற சொல் புழக்கத்தில் இருந்தாலும் இதழாசிரியர் கோல்ஃப் என்றே எழுதச் சொல்லிவிட்டார். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் நிற்பது 'புரோ-ஆம்' என்ற இடத்தில்.

ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவரும் (புரோ), வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்காக ஆடுபவரும் (அமெச்சூர்) ஒரே அணியாக ஆடும் சுற்றுக்கு இந்தப் பெயர். பெரிய போட்டிகள் பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய நாள் இந்தச் சுற்று நடக்கும். சில இடங்களில் போட்டியே இப்படித்தான். பாடகர் பிங் கிராஸ்பி 1937இல் கலிபோர்னியாவில் தொடங்கியது 1947இல் பெபிள் பீச் பக்கம் போய், இன்றுவரை நடக்கிறது. ஸ்காட்லாந்தில் டன்ஹில் லிங்க்ஸ் போட்டியில் 168 தொழில்முறை ஆட்டக்காரர்களும் 168 அமெச்சூர்களும் இணை இணையாக மூன்று மைதானங்களில் ஆடுகிறார்கள்.

அகராதியைத் திறந்தால் அமெச்சூருக்குக் 'கற்றுக்குட்டி' என்றும் போட்டிருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன். அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் வென்றபோது அமெச்சூராகத்தான் இருந்தார். அவரைக் கற்றுக்குட்டி என்று எப்படிச் சொல்வது? சொல் சுருக்கமாகவும் இருக்க வேண்டும், ஆளைத் தாழ்த்தவும் கூடாது. உதவுங்கள்.

*

தக்கலை, செவ்வாய் காலை

அன்புள்ள மகளுக்கு,

நல்ல கேள்வி. முதலில் இது என்ன தொகை என்று பார்க்க வேண்டும். புரோவும் ஆமும் என்று விரிவதால் உம்மைத்தொகை. உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறும் என்பது தொல்காப்பியத்திலும் உண்டு, நன்னூலிலும் உண்டு. கபிலனும் பரணனும் கபிலபரணர் ஆனதுபோல இங்கும் இருவரும் சமமாக நிற்க வேண்டும். ஒருவர் மற்றவருக்கு அடைமொழி ஆகிவிடக் கூடாது.

விழை என்ற வினையடியிலிருந்து விழைஞர் என்று அமெச்சூரைச் சொல்லலாம். கலைஞர், அறிஞர், இளைஞர் என்று ஞகர ஈறு நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் அவசரப்பட்டுத் 'தொழில்விழைஞர்' என்று ஒட்டினால் அது தொழிலை விழைபவர் என்று வேற்றுமைத்தொகையாகி, வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நிற்பவரைக் குறித்துவிடும். எனவே தொழிலர்–விழைஞர் ஆட்டம் என்பதே என் பரிந்துரை.

இன்னொன்று. சிலப்பதிகார ஊர்காண் காதை கூத்தை வேத்தியல், பொதுவியல் என்று இரண்டாகப் பகுக்கிறது. அவைக்குரியது ஒன்று, எல்லோருக்கும் உரியது ஒன்று. ஆடுபவர் யார், யாருக்காக ஆடுகிறார் என்ற வேறுபாட்டைத் தமிழ் அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறது. பொதுவியல் என்பதிலிருந்து பொதுவர் என்று ஒரு சொல் எடுக்கலாமா என்று இரவு முழுக்க யோசித்தேன். பொதுவர் என்றால் கலித்தொகையில் ஆயர். அதனால் விட்டுவிட்டேன்.

*

மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

சார், டீச்சர், வணக்கம். நான் துபாயில் கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை பார்த்தவன். இலக்கணம் சார் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வழக்கமாக ஒரு புரோவோடு மூன்று அமெச்சூர் போவார்கள், சில இடங்களில் நான்கு. அமெச்சூர் பெரும்பாலும் விளம்பரதாரரின் விருந்தாளி, இல்லையென்றால் பெரிய தொகை கட்டி இடம் வாங்கியவர். அந்தப் பணம் பல இடங்களில் தருமத்துக்குப் போகும். எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளிலிருந்து தொடங்குவதும் உண்டு. அதை ஷாட்கன் ஸ்டார்ட் என்பார்கள்.

அமெச்சூர் சும்மா கூட நடந்து வருகிறவர் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஹேண்டிகேப் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு ஹேண்டிகேப் 18 என்றால் ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடி கழிவு. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழியில் புரோ தடுமாறி ஐந்து அடிக்கிறார். நம்ம ஆளும் ஐந்து அடிக்கிறார். கழிவு போக அவருக்கு நான்கு. அணியில் குறைந்த கணக்கை எடுத்துக்கொள்ளும் முறையில் அந்தக் குழியில் அணிக்குச் சேருவது அமெச்சூர் அடித்த நான்குதான். அந்த நேரத்தில் புரோ வந்து கை கொடுப்பதைப் பார்க்க வேண்டும். அது நடிப்பு கிடையாது. 2011இல் பெபிள் பீச்சில் டி.ஏ. பாயின்ட்ஸ் என்ற புரோ தனிப்பட்டத்தை வென்றார். அவரும் நடிகர் பில் முர்ரேயும் சேர்ந்து இணைப்பட்டத்தையும் வென்றார்கள்.

அதனால் சொல்லில் 'சேர்ந்து' என்பது கண்டிப்பாக இருக்கணும். எங்கள் விளவங்கோடு பேச்சில் களி என்றால் விளையாட்டு. கூட்டுக்களி என்று வையுங்கள், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

*

தக்கலை, செவ்வாய் மாலை

தம்பி, ஹேண்டிகேப் விளக்கத்துக்கு நன்றி. இத்தனை நாள் அதைக் குறைபாடு என்றே நினைத்திருந்த என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய்.

களி பழந்தமிழ்ச் சொல். களித்தல், களிப்பு, நம் மாவட்டத்துக் களியல் ஆட்டம் எல்லாம் அந்த வேர்தான். மலையாளம் அதை விளையாட்டுக்கு நிலைநிறுத்திக்கொண்டது, நாம் விட்டுவிட்டோம். 1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு நம் பேச்சுச் சொற்களை மலையாளச் சாயல் என்று நாமே வெட்கப்பட்டு ஒதுக்கியது பெரிய இழப்பு என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் மதுரை வாசகருக்குக் களி கேழ்வரகில் கிண்டுவது. இதழ் தமிழ்நாடு முழுக்கப் போகிறது. கூட்டுக்களி என்றால் சமையல் பகுதி என்று புரட்டிவிடுவார்கள்.

*

குளச்சல், புதன் காலை

வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியை. மாணவர்களிடம் இந்தச் சொற்களைக் கேட்டுப் பார்த்தேன். விழைஞர் என்றதும் ஒரு பையன் 'விளைஞர்' என்று எழுதி, விவசாயியா என்று கேட்டான். எங்கள் கடற்கரையில் ழகரமும் ளகரமும் நாக்கில் ஒன்றுதான். காதால் கேட்டுப் புரியாத சொல் மைதானத்தில் நிற்காது. கலப்பாட்டம் என்று ஒருத்தி சொன்னாள். கலப்பு இரட்டையர் என்று டென்னிஸில் ஆண்–பெண் இணையைச் சொல்லிப் பழகிவிட்டதால் அது குழப்பும். இணையாட்டம் என்றால் எல்லோரும் ஆன்லைன் கேமா என்கிறார்கள்.

இணையம் கூட ஆட்டம் சேர்ந்தால் இணையவாட்டம் என்றுதானே வரும் என்று தக்கலை சார் சொல்லுவார்கள். சரிதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் உடம்படுமெய் பார்த்துப் பொருள் கொள்வதில்லை.

என் பரிந்துரை ஆர்வலர். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். அமெச்சூரின் லத்தீன் மூலமும் அன்பு செய்பவர் என்பதே. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்? தொழில்முறை–ஆர்வலர் கூட்டாட்டம். முடிந்தது.

*

சுசீந்திரம், புதன் இரவு

முடியவில்லை, டீச்சர். கால்பந்து ஆர்வலர் என்று செய்தித்தாளில் படித்தால் யார் நினைவுக்கு வருகிறார்? வேலிக்கு வெளியே நின்று கத்துகிற ரசிகர். சமூக ஆர்வலர் என்றால் மனு கொடுப்பவர். வள்ளுவர் காலத்துப் பொருள் அழகுதான். இன்றைய பொருள் ஆடாதவர். ஆடுகிறவருக்கு ஆடாதவர் பெயரை வைக்க முடியாது.

தமிழில் இந்த வேறுபாட்டைப் பேசித் தீர்த்த துறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நாடகம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபா தொடங்கியபோது வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பொழுதுபோக்காக மேடை ஏறினார்கள். இன்னொரு பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் பாய்ஸ் கம்பெனிகள். நம் ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் வளர்ந்தவர், அதாவது தொழில்முறை. நாடக வரலாறு எழுதியவர்கள் இந்த இரண்டையும் தொழில்முறைக் குழு, பயில்முறைக் குழு என்று பிரித்தார்கள். தொழில்முறை, பயில்முறை. ஓசையும் ஒத்து வருகிறது.

பயில் என்றதும் பயிற்சி மாணவன் என்று நினைக்க வேண்டாம். குறுந்தொகை இரண்டாம் பாட்டில், கொங்குதேர் வாழ்க்கையில், 'பயிலியது கெழீஇய நட்பின்' என்று வருகிறது. பழகிப் பழகி ஊறிய நட்பு. கூலிக்காக அல்லாமல் பழகிய விருப்பத்தால் ஒன்றைச் செய்வது பயில்தல். அமெச்சூருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கூடவே ஒன்று. கோல்ஃப் மட்டைக்குச் செண்டு என்ற சொல்லை எடுக்கலாம். குதிரை மேலிருந்து பந்தாடுவது செண்டாட்டம், அந்த வெளி செண்டுவெளி. மன்னார்குடி பெருமாள் கையில் செண்டு வைத்திருப்பதால்தான் செண்டலங்காரர். இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

*

நாகர்கோவில், வியாழன் அதிகாலை

அனைவருக்கும் நன்றி. செண்டு மடலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

பயில்முறை என் மனதுக்கு நெருக்கமாக வருகிறது. காரணம் கட்டுரையிலேயே இருக்கிறது. கோல்ஃபில் ஒரு காலத்தில் தாழ்ந்தவர் அமெச்சூர் அல்லர், தொழில்முறை ஆட்டக்காரர். காசுக்கு ஆடுபவர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள். 1920இல் இங்கிலாந்தின் டீல் மைதானத்தில் உடைமாற்றும் அறைக்குள் விடாததால் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் வால்டர் ஹேகன் வாடகைக் காரை வாசலில் நிறுத்தி அதிலேயே உடை மாற்றினார். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலிடோ நகரில் இன்வர்னஸ் கிளப் கதவைத் திறந்துவிட்டது. நன்றிக்காக ஆட்டக்காரர்கள் அங்கே ஒரு கடிகாரத்தை வாங்கி வைத்தார்கள். கிரிக்கெட்டிலும் இங்கிலாந்தில் கனவான்கள் (அமெச்சூர்), ஆட்டக்காரர்கள் (தொழில்முறை) என்று இரண்டு அணியாகப் பிரித்து ஆடும் வழக்கம் 1962 வரை இருந்தது.

யார் எந்த வாசலால் நுழையலாம் என்பதற்கு நம் ஊரில் எவ்வளவு வலி இருந்தது என்று இந்தக் குழுவில் சொல்லத் தேவையில்லை. 1936 ஆலய நுழைவுப் பிரகடனம் நம் தாத்தாக்கள் பார்த்தது. அன்று புரோவைத் தாழ்த்தினார்கள். இன்று நாம் கற்றுக்குட்டி என்று சொல்லி அமெச்சூரைத் தாழ்த்துகிறோம். இரண்டு பேரும் ஒரே வாசலால் மைதானத்துக்குள் போகிற நாள்தான் இந்த ஆட்டம். தொழில்முறை, பயில்முறை என்று ஒரே ஈற்றோடு இரண்டு சொல்லும் அருகருகே நிற்பது எனக்கு அதனால்தான் பிடிக்கிறது.

முதல் இடத்தில் 'தொழில்முறை–பயில்முறை கூட்டாட்டம்', அடுத்தடுத்த இடங்களில் 'கூட்டாட்டம்'. தலைப்பில் மட்டும் இடம் போதாததால் புரோ-ஆம். இப்படி அனுப்பலாமா? இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

*

குளச்சல், வியாழன் மாலை

ஆர்வலரை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனாலும் ரசிகர் என்ற குழப்பம் உண்மை, வகுப்பிலும் வந்தது. பயில்முறைக்குச் சம்மதம்.

*

மார்த்தாண்டம், வியாழன் இரவு

எனக்கும் சரி, டீச்சர். கூட்டு என்று வந்துவிட்டதே, அதுபோதும். ஆனால் ஆடுகிறவர்கள் யாரும் புரோ-ஆம் தவிர வேறு சொல்லப்போவதில்லை. அதனால் தலைப்பில் இருப்பதைக் கட்டுரைக்குள்ளும் ஓரிடத்திலாவது விடுங்கள். படித்துவிட்டுத் திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப் பக்கம் போகிற பையனுக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருக்கணும்.

*

தக்கலை, வெள்ளி காலை

மகளே, பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, அனுப்பிவிடு. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்.

பயில்முறை என்பது முறையின் பெயர். ஆளின் பெயர் அல்ல. நாடகத்தில் பயில்முறைக் குழு என்று குழுவைச் சொன்னார்கள், பொருந்தியது. மைதானத்தில் நிற்கும் ஒற்றை மனிதரை என்னவென்று அழைப்பீர்கள்? பயில்முறையாளர் என்றால் வாயில் நிற்காது, பயிலுநர் என்றால் மறுபடி மாணவன். கட்டுரையில் 'அந்த அமெச்சூர் மூன்றாவது குழியில் அடித்த பந்து' என்று ஒரு வரி வந்தால் என்ன செய்வாய்? அங்கே விழைஞர் என்று எழுதிப் பார். ழகரம் சரியாக வராத பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க உடற்கல்வி டீச்சரும் நானும் இருக்கிறோம்.