பென் டிரைவ் லினக்ஸ்ல மவுன்ட் ஆகல, போட்டோ எல்லாம் உள்ள இருக்கு

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, 32 ஜிபி பென் டிரைவ், விண்டோஸ்ல நல்லா ஓபன் ஆகுது, லினக்ஸ்ல சொருகினா மட்டும் மவுன்ட் ஆக மாட்டேங்குது (அதாவது உள்ள இருக்கற ஃபைல திறக்க முடியல), "ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்"னு எரர் வருது. குழந்தை போட்டோ எல்லாம் அதுலதான், வேற காப்பி இல்ல, ஃபார்மேட் பண்ண மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

பதில் 1:
பயப்படாதீங்க, ஃபார்மேட் தேவையில்ல. டெர்மினல்ல எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்ட எஃப் (-f) ஆப்ஷனோட குடுத்தா என்ன ஃபைல் சிஸ்டம்னு, அதாவது டிரைவ்ல ஃபைல்கள அடுக்கி வச்சிருக்கற முறை என்னனு தெரியும். மவுன்ட் பண்றப்ப எஸ்டிபி (sdb)னு முழு டிரைவ குடுக்காம எஸ்டிபி1 (sdb1)னு அதுக்குள்ள இருக்கற பகுதிய, அதாவது பார்ட்டிஷன குடுக்கணும், நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. டிமெசேஜ் (dmesg) லாக்ல, அதாவது லினக்ஸ் கர்னலோட பதிவுல, கடைசி வரிகளையும் பாருங்க.

கேட்டவர்:
என்டிஎஃப்எஸ்னு (விண்டோஸோட ஃபைல் சிஸ்டம்) காட்டுது, பார்ட்டிஷன்தான் குடுத்தேன். லாக்ல "வால்யூம் இஸ் டர்ட்டி"னு இருக்கு.

பதில் 2:
அதான் காரணம். எஜெக்ட் பண்ணாம உருவிருப்பீங்க, அப்ப டர்ட்டினு ஒரு குறி விழுந்துடும், லினக்ஸ் கர்னல் 5.15ல வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் அந்த குறி இருந்தா மவுன்ட் பண்ணாது. விண்டோஸ்லயே முதல்ல போட்டோவ காப்பி எடுத்துருங்க, இது ரொம்ப முக்கியம், அப்புறம் விண்டோஸ்ல டிஸ்க்க சரிபாக்கற செக்டிஸ்க் (chkdsk) கமாண்ட எஃப் (/f) ஆப்ஷனோட ஓட்டிட்டு எஜெக்ட் பண்ணி எடுங்க. என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு லினக்ஸ்லயும் ஒண்ணு இருக்கு ஆனா அது செக்டிஸ்க் அளவுக்கு முழுசா சரிபண்ணாது.

கேட்டவர்:
செக்டிஸ்க் ஓட்டினதும் மவுன்ட் ஆயிடுச்சு, போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு, ரொம்ப நன்றிங்க!