தியன் பியன் பூ 1954: பள்ளத்தாக்கு தோற்கடித்ததா, டன் கணக்கு தோற்கடித்ததா?

தணிகை:
வியட்நாமின் வடமேற்கில், வியட் மின் என்ற வியட்நாம் விடுதலைப் படையிடம் பிரெஞ்சுப் படை தோற்ற இடம் தியன் பியன் பூ. அந்தப் பேச்சு வந்தாலே "சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம், அதில் போய் உட்கார்ந்தார்கள், தோற்றார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இது சரியில்லை. பிரெஞ்சுத் தளபதி நவாரும் அவருடைய பீரங்கி அதிகாரிகளும் அந்த மலைகளைப் பார்க்காமல் இறங்கவில்லை. விமான ஓடுதளத்திலிருந்து மலை முகடுகள் ஏறக்குறைய 10, 12 கிலோமீட்டர். 105 மி.மீ. பீரங்கி எட்டுவது 11 கிலோமீட்டர். முகட்டுக்குப் பின்னால் வைத்தால் குண்டு ஓடுதளத்துக்கு எட்டாது. முன் சரிவில் வைத்தால் சுடும் வெளிச்சம் தெரியும், நம் 155 மி.மீ. பீரங்கி அதை நொறுக்கிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. காகிதத்தில் அதில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. பொறியாளர் படை அதிகாரி மேஜர் சுத்ரா, 12 பட்டாலியன்களையும் 105 குண்டிலிருந்து காக்க எவ்வளவு பொருள் வேண்டும் என்று சண்டைக்கு முன்பே கணக்குப் போட்டுக் கொடுத்தார். சுமார் 36,000 டன். அங்கேயே கிடைத்த மரத்தைக் கழித்தால் 34,000. ஒரு டகோட்டா சரக்கு விமானம் 2.5 டன் ஏற்றும். ஆக 13,600 நடை. வடக்கில் இருந்தது ஏறத்தாழ 80 டகோட்டா. சோறு, குண்டு, மருந்து எதையும் தொடாமல் தினம் ஆளுக்கொரு நடை பறந்தாலும் 170 நாள். 1953 நவம்பர் 20இல் பாராசூட் படை குதித்ததிலிருந்து 1954 மார்ச் 13இல் தாக்குதல் தொடங்கும் வரை இருந்தது 113 நாள்தான். வந்து சேர்ந்ததோ சுமார் 4,000 டன், அதிலும் பெரும்பகுதி முள்கம்பி. முள்கம்பி காலாட்படையை நிறுத்தும், பீரங்கிக் குண்டை நிறுத்தாது.

கார்முகில்:
தணிகை அண்ணா, கணக்கு சரி. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 34,000 டன்னும் வந்து இறங்கியிருந்தாலும் பிரெஞ்சுப் பீரங்கிகள் தப்பியிருக்காது.

முற்றுகைக்குள் இருப்பவனுக்கு எதிரி நாலாபுறமும் இருக்கிறான். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியை வட்டமான திறந்த குழியில் வைத்தார்கள், எந்தப் பக்கமும் திருப்ப வேண்டுமே. அதன்மேல் கூரை போட்டால் ஒரு பக்கம்தான் சுட முடியும். வெளியே இருந்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனுடைய இலக்கு ஒரே திசையில், ஒரே இடத்தில். வியட் மின் ஒவ்வொரு 105ஐயும் தனித்தனியாக, மலையின் முன் சரிவைக் குடைந்து அறைக்குள் வைத்தது. வெளியே தெரிந்தது குழாயின் வாய் மட்டும். சற்றுத் தள்ளி மரக்கட்டையைப் பீரங்கிபோல் செதுக்கி வைத்துப் போலி நிலைகளும் அமைத்தார்கள். பிரெஞ்சுக் குண்டுகளில் எத்தனையோ அந்தக் கட்டைகள்மேல் போய் விழுந்தன.

இரு தரப்பிடமும் ஆளுக்கு 24 105கள் இருந்தன. பிரெஞ்சிடம் கூடுதலாக நாலு 155. எண்ணிக்கையில் குறைவில்லை. "முன் சரிவில் வைக்க மாட்டான், வைத்தால் அடித்துவிடுவோம்" என்ற நம்பிக்கைதான் உடைந்தது. பீரங்கித் தலைமை ஏற்றிருந்த கர்னல் பிரோ இதை முதல் இரண்டு இரவுகளிலேயே கண்டார். ஒற்றைக் கையோடு இருந்த மனிதர். மார்ச் 15இல் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டால் உயிரை விட்டார்.

தணிகை:
பீரங்கிக் குழிக்குக் கூரை போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் கட்டளை நிலையத்துக்குப் போடலாமே? வெளிப்புறக் காவல் அரண்களில் ஒன்றான பெயாட்ரிஸை எடுங்கள். மார்ச் 13 மாலை. தாக்குதல் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒரு குண்டு கட்டளை நிலையத்தின்மேல் விழுந்து மேஜர் பெகோ இறந்தார். அதே இரவில் நடுப்பகுதியில் இன்னொரு குண்டுக்கு லெஃப்டினன்ட் கர்னல் கோஷே இறந்தார். தலைமை போன அரண் நள்ளிரவு வாக்கில் விழுந்தது.

105 குண்டைத் தாங்க வேண்டுமென்றால் கூரையில் 15 செ.மீ. கனமுள்ள மர உத்திரம் ஒரு அடுக்கு, அதன்மேல் ஒரு மீட்டருக்கு இறுக அடித்த மண், மறுபடி உத்திரம், உச்சியில் குண்டு பட்டதும் அங்கேயே வெடிக்கக் கல்லடுக்கு. மண் தளர்வாக இருந்தால் குண்டு உள்ளே புகுந்து வெடிக்கும், மழை பெய்தால் உத்திரமே சரியும். அந்தச் சமவெளியில் மரம் ஏது? அங்கே வாழ்ந்த தாய் (Tai) இன மக்களின் வீடுகளைப் பிரித்தே கட்டை எடுத்தார்கள். காடு இருந்த மலை எதிரி கையில். நான் சொல்லும் 34,000 டன் இதுதான்.

எழிலன்:
இருவரும் பிரெஞ்சுத் தரப்பையே சுற்றி வருகிறீர்கள். வியட் மின்னின் 24 பீரங்கியும் அதற்கான குண்டும் 50,000 பேருக்குச் சோறும் எப்படிப் போய்ச் சேர்ந்தன? முடியாது என்று நவார் நினைத்ததும் இதைத்தான்.

ஒரு ஆள் 20 கிலோ அரிசி சுமக்கிறான், நாளுக்கு 25 கிலோமீட்டர் நடக்கிறான், 800 கிராம் சாப்பிடுகிறான் என்று வையுங்கள். தான் ஹோவா மாகாணத்திலிருந்து போர்முனை சுமார் 500 கிலோமீட்டர், 20 நாள். போகும்போதே 16 கிலோ தீர்ந்துவிடும். மிச்சம் நாலு கிலோ, திரும்பி வரச் சோறில்லை. தலைச்சுமையை மட்டும் நம்பினால் அந்தப் போர் நடந்திருக்கவே முடியாது.

சைக்கிள் இந்தக் கணக்கை மாற்றியது. 200 கிலோ ஏற்றலாம், 300ஐத் தாண்டியும் தள்ளியிருக்கிறார்கள். போக வர 32 கிலோ சாப்பிட்டாலும் 168 கிலோ சேரும். ஆனால் கடையில் வாங்கிய சைக்கிள் அந்தப் பாரத்தைத் தாங்காது. கைப்பிடியின் இடப்பக்கம் ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டுவார்கள், தள்ளுபவன் பக்கத்தில் நடந்துகொண்டே திருப்புவதற்கு. இருக்கைக்குப் பின்னால் செங்குத்தாக இன்னொரு கழி, தள்ளவும் நிமிர்த்திப் பிடிக்கவும். சட்டத்துக்கு இரும்போ மரமோ முட்டுக் கொடுப்பார்கள். டயருக்குள் பழந்துணியைச் சுற்றி டியூபைக் காப்பாற்றுவார்கள், இல்லையென்றால் கல் பாதையில் ஒரு நாள் தாங்காது. இறக்கத்தில் பின்னாலிருந்து கயிறு பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். வியட்நாம் தரப்புக் கணக்கில் ஏறத்தாழ 21,000 சைக்கிள், இரண்டரை லட்சத்துக்கும் மேல் சுமையாட்கள், 628 லாரி, 25,000 டன் அரிசி.

கார்முகில்:
சைக்கிளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எழிலன். குண்டும் பீரங்கியும் வந்தது லாரியில். 2.5 டன் மொலோடோவா லாரி, இரவில் மட்டும் ஓட்டம். அரிசிக்குச் சைக்கிள், இரும்புக்கு லாரி என்று பிரித்துச் சொன்னால்தான் சரியாகும். அந்த லாரியும் 37 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியும் 105ம் சீனா வழியாக வந்தவை. 105 அமெரிக்கத் தயாரிப்பு, சீனர்கள் கைப்பற்றியது. இதைச் சொல்லாமல் மக்கள் சக்தி என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

எழிலன்:
சீன உதவியை நான் மறைக்கவில்லை. ஆனால் குண்டுக் கணக்கையும் பாருங்கள். வியட்நாம் தரப்புச் சொல்வது: சுட்ட 105 குண்டு சுமார் 20,000. அதில் 11,000க்கும் மேல் 1950 எல்லைப் போரில் பிரெஞ்சிடமிருந்து பிடித்தது. பீரங்கியோடு சீனா கொடுத்தது 3,600. ஏறத்தாழ 5,000 குண்டு தியன் பியன் பூவிலேயே பிரெஞ்சு விமானங்கள் போட்ட பாராசூட்டிலிருந்து எடுத்தது!

தணிகை:
அந்த 5,000தான் என் வாதத்தின் மறுபாதி. மார்ச் கடைசியில் ஓடுதளம் மூடிவிட்டது, அதற்குப் பிறகு எல்லாம் பாராசூட். 37 மி.மீ. இருந்ததால் தாழப் பறக்க முடியவில்லை, உயரத்திலிருந்து போட்டார்கள். உயரம் கூடினால் காற்று பொருளை அடித்துக்கொண்டு போகும். அரண் சுருங்கச் சுருங்க இலக்கும் சுருங்கியது. இரு பக்கமும் ஒரே 105 என்பதால், தவறி விழுந்த பெட்டியை எதிரி அப்படியே தன் பீரங்கியில் போட்டுச் சுட முடிந்தது. எதிரியிடமும் அதே அளவுப் பீரங்கி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வான்வழி போடும் ஒவ்வொரு குண்டும் அவனுக்கும் போகக்கூடியதுதான்.

கார்முகில்:
எதிரி வருவது தெரியாமல் இல்லையே. வியட் மின் வானொலிச் செய்திகளைப் பிரெஞ்சு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. டிவிஷன்கள் மேற்கே நகர்வது தெரிந்தும் டிசம்பர் 3இல் நவார் "அங்கேயே சண்டையை ஏற்போம்" என்று உத்தரவிட்டார். நா சான் நினைப்பு. அது இன்னொரு பிரெஞ்சு முகாம். 1952 கடைசியில் அங்கே முள்ளம்பன்றி அரண், அதாவது சுற்றிலும் அரண் கட்டி வான்வழிச் சரக்கில் நிற்கும் முகாம், ஜெயித்தது. ஆனால் நா சானில் சுற்றுக் குன்றுகள் பிரெஞ்சு கையில், எதிரியிடம் கனரகப் பீரங்கி இல்லை. இந்த இரண்டும் மாறிய பிறகு அதே வரைபடத்தைத் திரும்ப வரைந்தார்கள். ஜனவரி 20இல் நவார் தெற்கே அத்லாந்த் என்ற இன்னொரு தாக்குதல் நடவடிக்கையையும் தொடங்கி ஆளையும் விமானத்தையும் பிரித்தார்.

அந்தப் பக்கம் வியட் மின் தளபதி ஜியாப் செய்ததை ஒப்பிடுங்கள். சீன ஆலோசகர்களும் ஒப்புக்கொண்ட விரைவுத் தாக்குதல் ஜனவரி 25க்குக் குறித்திருந்தது. பீரங்கிகள் கையாலேயே கயிறு கட்டி மலையேற்றப்பட்டிருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். அவை இருந்ததோ மூடாத நிலைகளில். காலாட்படையும் பீரங்கியும் சேர்ந்து இவ்வளவு பெரிய அளவில் தாக்கிப் பழக்கமில்லை. பகலிலும் வெட்டவெளியில் சண்டையிட வேண்டியிருக்கும். 26இல் ரத்து செய்தார். ஏற்றிய பீரங்கியை அதே கயிற்றால் திரும்ப இறக்கினார்கள். மலைச்சரிவில் அவிழ்ந்து உருண்ட விமான எதிர்ப்புப் பீரங்கியின் சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு வீரர் தன் உடலைப் போட்டு உயிரை விட்டது அந்த நாட்களில்தான். அடுத்த ஏழு வாரத்தில் குடைந்தவைதான் நான் முதலில் சொன்ன மலையறைகள்.

எழிலன்:
அப்படியென்றால் 1968இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கத் தளமான கே சான் ஏன் விழவில்லை? அதுவும் முற்றுகை, 77 நாள், சுமார் 6,000 பேர், வான்வழிதான் எல்லாம்.

கார்முகில்:
881 தெற்கு, 861 என்று எண்ணிட்ட சுற்றுக் குன்றுகளை அமெரிக்க மரைன்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பி-52 விமானங்கள் குண்டு பொழிந்ததும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, முற்றுகைக்கு வெளியே காம்ப் கேரல் என்ற அமெரிக்கத் தளத்திலிருந்து 175 மி.மீ. பீரங்கிகள் எட்டின. தியன் பியன் பூவுக்கு ஹனோய் 300 கிலோமீட்டர், வெளியிலிருந்து எட்டுகிற பீரங்கி ஒன்றுகூட இல்லை.

தணிகை:
உள்ளேயே இருந்ததும் எட்டவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இசபெல் அரண் அமைத்ததே நடுப்பகுதிக்குப் பீரங்கித் துணை தரத்தான். 105களில் 11 அங்கே இருந்தன, கிட்டத்தட்டப் பாதி. மார்ச் 15 விடியலில் வடக்கே கப்ரியேல் அரண் விழும்போது அந்த 11க்கும் அது தூரம். இதற்கு மரமும் டன்னும் காரணமில்லை, வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்த ஒரு இடத்தில் கார்முகில் சொல்வதுதான் சரி.