புதுப்பிப்பு: சிலிக்கா துகள்களின் மின்னூட்டம் நேர்க்குறிக்கு மாறிவிட்டது

பாலிடாட்மாக் (நேர் மின்னூட்டமுள்ள பாலிமர்), பாலிஸ்டைரீன் சல்போனேட் (எதிர் மின்னூட்டமுள்ள பாலிமர்) இரண்டும் ஒட்டிச் சேர்ந்த பாலிமர் அணைவைச் சிலிக்கா துகள்களோடு கலந்தால் எல்லாம் திரண்டு அடியில் படிகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

விஷயம் கலக்கும் வரிசையில்தான் இருக்கிறது. சிலிக்காவின் மேற்பரப்பிலுள்ள சிலனால் (Si–OH) தொகுதிகள் பிஎச் 2, 3-ஐத் தாண்டினாலே புரோட்டானை விட்டு எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. அதில் நேர்மின் அணைவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், மின்னூட்டம் பூஜ்யமாகும் கட்டத்தைத் துகள்கள் மெதுவாகக் கடக்கின்றன. விலக்கு விசை இல்லாத அந்த நேரத்தில்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வரிசையை மாற்றினேன்: அணைவுக் கரைசலைத் தாராளமாக எடுத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே சிலிக்காவை அதில் ஊற்றினேன். வெள்ளைக் கலங்கல் படியாமல் அப்படியே நின்றது. துகள் பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் மைனஸிலிருந்து பிளஸ் 30 மில்லிவோல்ட்டுக்கு மேலே போய்விட்டது!

அணைவில் பாலிடாட்மாக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டின் மின்னூட்டமும் சமமானால் அணைவே வீழ்படிவாகிவிடும். அப்புறம், அளப்பதற்கு முன் மையவிலக்கியில் கழுவிவிடுங்கள். ஒட்டாமல் மிதக்கும் அணைவும் ஒளியைச் சிதறடித்து அளவீட்டைக் குழப்பும்.

வெறும் பாலிடாட்மாக் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். மின்னூட்டத்தைத் திருப்ப மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் உப்பு குறைந்த கரைசலில் தனிச் சங்கிலி பரப்பில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். அணைவு மேடு மேடாக ஒட்டும். எனக்கு வேண்டியது அந்தத் தடிப்பு. அடுத்து உப்பின் செறிவைக் கூட்டிப் பார்க்கப் போகிறேன்.