புதுப்பிப்பு: சாண்டோரினியில் முதல் படகிலேயே கரை சேர்ந்துவிட்டோம்

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் கடல் ஓர் எரிமலைப் பள்ளம், ஆழம் மிக அதிகம். அதனால் உல்லாசக் கப்பல் தள்ளியே நிற்கும்; சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அம்மாவோடு முதல் படகில் கரைக்குப் போக வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காலை ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டு, கப்பலில் படகு டோக்கன் தரும் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். முதல் படகிலேயே இடம். படகு அலையில் ஏறி இறங்குவதைப் பார்த்து அம்மா தயங்கினார். மாலுமிகள் இருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அலை படகைத் தூக்கிய நொடியில் சட்டென ஏற்றிவிட்டார்கள்.

பழைய துறைமுகத்தில் கேபிள் காருக்கு வரிசையே இல்லை. சில நிமிடங்களில் 220 மீட்டர் மேலே, ஃபிரா ஊர். அப்புறம் பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் கீழே ஒரே கூட்டம். மேலே போகக் கழுதைமேல் ஏறாதீர்கள், பாவம், வெயிலில் சுமக்கின்றன. இறங்கவும் வரிசை உண்டு. கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.